மஞ்சள் நாடா கட்டிய கடுக்காய் மரம்

பூவிழியைப் பற்றி ஒடுகத்தூர் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் சுவிட்ச்போர்டு கதையைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும், நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். அவள் அப்பா பாண்டுரங்கன் அந்தத் தெருவில் பெண்களுக்கான தையல்கடை வைத்திருக்கிறார். பூவிழி கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, கடையின் பழைய மரச் சுவிட்ச்போர்டுக்குள் கொசுத்தேனீ குடிவந்துவிட்டது. பெயருக்கேற்றபடி கொசு அளவுதான். கறுப்பாக இருக்கும். கொடுக்குக் கிடையாது, கொட்டத் தெரியாது. ரொம்பக் கோபம் வந்தால் கண்ணிலும் தலைமயிரிலும் வந்து ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும், அவ்வளவுதான். போர்டின் ஓட்டையிலிருந்து மெழுகால் ஒரு சின்னக் குழாயை வெளியே நீட்டி, அதையே வாசலாக வைத்துக்கொண்டது.

எலக்ட்ரீஷியன் மண்ணெண்ணெய் ஊற்றிவிடலாம் என்றார். பூவிழி ஸ்டூலை இழுத்துப் போட்டு போர்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. அம்மா வந்து திட்டினாள், அதற்கும் அசையவில்லை. கடைசியில் பாண்டுரங்கன் தலையில் அடித்துக்கொண்டு, பக்கத்துச் சுவரில் புதிதாக வேறொரு போர்டு போடச் சொன்னார். இன்றைக்கும் அந்தக் கடையில் இரண்டு சுவிட்ச்போர்டுகள் உண்டு. ஒன்றில் கரண்டு ஓடும், மற்றதில் தேனீ ஓடும்.

பிடித்தால் உடும்புப் பிடி. அதுதான் பூவிழி. ராணிப்பேட்டையில் மருந்துக் கம்பெனி வேலை தேடி வந்தபோது, "வேணாம் நைனா, எனக்கு வேற வேல கீது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஜவ்வாது மலையில் கொசுத்தேனீ ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். பூச்சியைப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதே இல்லை. பதில் சொல்லி யாரைத் திருத்துவது?

அவள் தேடிப் போன கேள்வி சின்னக் கேள்விதான். மலையில் கடுக்காய் மரங்கள் நிறைய. கடுக்காய் பொறுக்கி விற்பது அங்குள்ள பெண்களுக்கு ஒரு வருமானம். கொசுத்தேனீ கூடு கட்டுவதோ வயதான மரங்களின் பொந்துகளில். அந்தத் தேன் மருந்துக்கு ஆகும் என்று ஒரு கூட்டம் கோடாலியோடு வந்து, ஒரு கைத் தேனுக்காக மரத்தையே பிளந்து போட்டுவிட்டுப் போகிறது. இப்படியே கொசுத்தேனீ போய்விட்டால் கடுக்காய் காய்க்குமா, காய்க்காதா? இதைத்தான் அவள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும்.

கடுக்காய் வருஷத்துக்கு ஒரு தரம், சித்திரையை ஒட்டித்தான் பூக்கும். போன வருஷம் அவள் எல்லாம் தயார் செய்து வைத்த வாரத்தில் ஆலங்கட்டி மழை கொட்டி, பூவை மொத்தமாக உதிர்த்துவிட்டது. ஆராய்ச்சிக்கான உதவித்தொகை இந்த வருஷத்தோடு முடிகிறது. ஆகவே இந்தப் பூதான் கடைசிப் பூ. இதை விட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அவளுடைய பேராசிரியர் அசோக்குமார் நல்ல மனிதர்தான், ஆனால் கறார். "மூணு மரத்துலயும் மூணு விதமும் முழுசா இருக்கணும்மா. ஒண்ணு குறைஞ்சாலும் அது ஆராய்ச்சி இல்ல, அபிப்பிராயம்" என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று விதம் என்றது இதுதான். சில பூங்கொத்துகளை அப்படியே விட்டு நூல் மட்டும் கட்டி அடையாளம் வைப்பது, எந்தப் பூச்சியும் வரலாம். சிலவற்றை மொட்டிலேயே நெருக்கமான வலைப்பையால் மூடிவிடுவது, எதுவும் நுழைய முடியாது. இன்னும் சிலவற்றுக்குக் கொஞ்சம் பெரிய கண் வலை. அதில் கொசுத்தேனீ அளவு பொடிசு நுழையும், அதைவிடப் பெரிய தேனீயும் வண்டும் வெளியே நிற்கும். எறும்பு ஏறாமல் கிளையில் கிரீஸ் தடவ வேண்டும். பிறகு எதில் காய் பிடித்தது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பைகளைத் தைத்துக் கொடுத்தவர் பாண்டுரங்கன். அளவெடுக்காமல் கத்தரி வைக்காதவர் அவர். "கெளைக்கு இடுப்பளவு இன்னா, ஒசரம் இன்னா, சொல்லு" என்று நிஜமாகவே கேட்டார். கேலி செய்கிறாரோ என்று பூவிழி பார்த்தாள். இல்லை, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். பைகளின் வாயில் சுருக்கு நாடா வைக்க வேண்டும். பாதியிலேயே வெள்ளை நாடா தீர்ந்துபோனது. அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தைத்ததில் மிஞ்சிய மஞ்சள் நாடா ஒரு சுருள் இருந்தது. எல்லாம் ஒன்றுபோல் இருக்கட்டும் என்று வெள்ளையைப் பிரித்துவிட்டு எல்லாவற்றுக்கும் மஞ்சளையே வைத்துத் தைத்துவிட்டார்.

பூவிழி நாடாவைப் பார்த்தாள். மஞ்சள் நிறம் பூச்சியை இழுக்குமோ என்று யோசித்தாள். எல்லாப் பையிலும் ஒரே மஞ்சள்தானே, வித்தியாசம் வராது என்று முடிவு செய்தாள். விஞ்ஞானியாக யோசித்தாளே தவிர, ஊர்க்காரியாக யோசிக்கவில்லை. ஒடுகத்தூரில் பிறந்து வளர்ந்தவள், கோயில் வேப்பமரத்தில் எத்தனை மஞ்சள் முடிச்சைப் பார்த்திருப்பாள்? படிப்பு சில சமயம் இப்படித்தான், கண்ணுக்கு முன்னால் திரை போட்டுவிடும்.

ஓடைக்கொல்லை என்ற சிற்றூரை ஒட்டிய காட்டோரத்தில், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கும் மூன்று கடுக்காய் மரங்களை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். வனத்துறை அனுமதியும் வாங்கியாயிற்று. ஏணி போட்டு, கை சிராய்த்து, பைகளைக் கட்டி முடித்தாள். பிறகு மலைக்கு அந்தப் பக்கம் செங்கம் சரிவில் இருந்த கூடுகளைக் கணக்கெடுக்கப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது ஓடையோரம் நின்ற மூன்றாவது மரம் சாமியாகியிருந்தது.

அடிமரத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அடியில் ஒரு கல் நட்டு, அதன்மேல் கற்பூரம் எரிந்த கரி. கைக்கு எட்டிய கிளையெல்லாம் மஞ்சள் துணி முடிச்சுகள். பூவிழியின் பைகளில் பலவற்றைத் திறந்து உள்ளே அரிசியும் காசும் போட்டுக் கட்டியிருந்தார்கள். நூல் கட்டிய பூங்கொத்துகளில் பாதியைப் பறித்துக் கல்லுக்குச் சாத்தியிருந்தார்கள். குரங்கு பிடிக்கப் போனது பிள்ளையாராய் முடிந்த கதை. வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். பூவிழி ஏணியைத் தரையில் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அழுதாள். அழுதாள் என்று சொல்வதில் எனக்கென்ன வெட்கம்? ஒரு வருஷத்துப் பூ அது.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊருக்குள் போனாள். கெங்கம்மாள் வீட்டு வாசலில் நான்கைந்து பெண்கள் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். கெங்கம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாய் திறந்தால் ஊரே கேட்கும்.

"யாரு பெரிம்மா என் பைய அவுத்தது?" என்றாள் பூவிழி.

"அவுக்கலியே பாப்பா. நீ கட்டுன, நாங்களும் கட்டினோம்" என்றாள் கெங்கம்மாள். "படிச்ச பொண்ணு, பட்டணத்துல இருந்து வந்து இந்த மரத்துல மஞ்சக்கயிறு கட்டுதுன்னா, மரத்துல ஒண்ணியும் இல்லாமலா கட்டும்?"

"அது வேண்டுதல் இல்ல பெரிம்மா. ஆராய்ச்சி."

"ஆராய்ச்சின்னா?"

"ஒரு கேள்வி. கொசுத்தேனீ இல்லன்னா இந்த மரம் காய்க்குமா காய்க்காதான்னு கேட்டுக் கட்டி வெச்சிருக்கேன். பூவெல்லாம் முடிஞ்சப்புறம் அவுத்தாத்தான் பதில். நடுவுல யார் கை பட்டாலும் போச்சு."

கெங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "இதத்தான நாங்களும் பண்றோம். இன்னாத்தையோ கேட்டுக் கட்டுறோம். பதில் வந்தாத்தான் அவுக்கணும். அதுவும் கட்டுனவதான் அவுக்கணும், அடுத்தவ தொட்டா குத்தம். இத மொதல்லியே சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா?"

பூவிழிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும். வனத்துறைப் பலகை செய்ய முடியாத காவலை இந்த ஒரு வழக்கம் செய்துவிடுமே. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், அவள் பொய் சொல்லவில்லை. அம்மன் கனவில் வந்தாள் என்று ஒரு கதை கட்டிவிட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவள் பெண்களை மரத்தடிக்கே கூட்டிப்போய், எந்தப் பை எதற்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். கற்பூரப் புகைக்குக் கொசுத்தேனீ வராது, வராவிட்டால் காயும் வராது என்றாள். கடுக்காய் என்றதும் எல்லோரும் காதைக் கொடுத்தார்கள். கல்லை ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்ற ஒத்துக்கொண்டார்கள்.

"உன் முடிச்ச நாங்க தொடல. எங்க முடிச்ச நீ தொடாத" என்றாள் கெங்கம்மாள். பேச்சு முடிந்தது.

சாயங்காலம் பாறைமேல் ஏறி, சிக்னல் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டாள். இன்னும் பைகள் வேண்டும் என்றாள். நடந்ததைக் கேட்ட பாண்டுரங்கன் பதறிவிட்டார். "என்னாலதான் எல்லாம் கெட்டுதாம்மா? வெள்ள நாடா வாங்கியாந்து தச்சித் தர்றேன்."

"வேணாம் நைனா. மஞ்சளே வை. வெள்ளைய வெச்சா சும்மாவாச்சும் பிச்சிப் போட்டுடுவாங்க. மஞ்சள யாரும் தொட மாட்டாங்க."

மறுநாள் பஸ்ஸில் அவரே கொண்டுவந்து கொடுத்தார். மேல்கிளைகளில் மொட்டு இன்னும் பாக்கி இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் என்ன, சிந்தாததை வழித்து எடுப்போம் என்று பூவிழி ஏறினாள். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு, பார்த்து ஏறு, பார்த்து ஏறு என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். நூலும் பெரிய கண் பையும் அந்த மரத்தில் ஒருவழியாகத் தேறிவிட்டன. ஆனால் நெருக்க வலைப்பையை மொட்டில்தான் கட்ட வேண்டும். எட்டிய மொட்டெல்லாம் ஏற்கனவே விரிந்துவிட்டன. முன்பு கட்டிய நெருக்க வலைப்பைகளில் யாரும் திறக்காமல் தப்பியது ஒரே ஒரு பை. அந்த ஒரு பைதான் இனி மூன்றாவது மரத்துக்குக் கதி.

அந்தப் பையின் வாயைச் சுற்றி இறுக்கமாக ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. யாருடையது என்று விசாரித்தாள். கெங்கம்மாளுடையது.

கெங்கம்மாளின் வேண்டுதல் ஊருக்கே தெரியும். அவள் மகன் வீரன் அடிவாரத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது, "இந்த வாசப்படிய தாண்டிட்டின்னா திரும்பி வராத" என்று சொல்லிவிட்டாள். தாண்டிவிட்டான். குடகு காப்பித் தோட்டத்தில் வேலை, பெண்டாட்டியோடு இருக்கிறான் என்று கேள்வி. அவனும் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை. பெத்தவள் போய்க் கூப்பிடுவதா என்ற வீம்பு. ஆனால் அவன் தானாக வர வேண்டும் என்று மரத்தில் முடிச்சு மட்டும் போட்டாள். வீம்பில் பூவிழிக்கு ஏற்ற ஆள்தான்.

பூ இருந்த நாள்களில் பூவிழி காலையில் போய் உட்கார்ந்தால் வெயில் சாயும்வரை, எந்தப் பூச்சி எந்தப் பூவுக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரிய கண் வலைக்குள் கொசுத்தேனீக்கள் சாதாரணமாகப் போய்வந்தன. ஊர்ப் பெண்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். விறகுக்குப் போகிறவர்கள்கூட அந்தக் கிளைகளை ஒதுங்கித்தான் போனார்கள். தேன் எடுக்க வந்த இருவர் அந்தப் பக்கம் கோடாலியைத் தூக்கியபோது, பெண்கள் கூடி விரட்டிய விரட்டில் ஒருவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

பூ முடிந்து இலைகள் முற்றியபின், பை அவிழ்க்கும் நாளில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பின்னே, அவர்களும் காவல் காத்தவர்கள் ஆயிற்றே. பூவிழி முதல் மரத்தில் ஏறினாள். நூல் கட்டிய கொத்துகளில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பச்சைப் பிஞ்சுகள். பெரிய கண் பைகளைத் திறந்தாள், அங்கேயும் பிஞ்சுகள். நெருக்க வலைப்பைகளைத் திறந்தாள். வெறும் காம்பு. காய்ந்த பூச்சருகு அவள் உள்ளங்கையில் கொட்டியது. இரண்டாவது மரத்திலும் அப்படியே.

மூன்றாவது மரத்தில் நூலும் பெரிய கண் பையும் பார்த்து முடித்தாள். கடைசியாக அந்த ஒரு பை மிச்சம். வலைக்கு வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தூசியும் சிலந்திக்கூடும் அப்பி, உள்ளே சுருண்ட இலைகள் கொத்தை மறைத்திருந்தன. பூவிழி ஏணியில் நின்று முடிச்சைப் பார்த்தாள். இடுப்புப் பையில் கத்தரிக்கோல் இருந்தது. பிறகு இறங்கிவிட்டாள்.

பாறைமேல் போய்ப் பேராசிரியரைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டவர் பொறுமை இழந்தார். "ஒரு துணியக் கத்தரிச்சா முடிஞ்சுதேம்மா. இதுக்குப் போய் ரெண்டு வருஷ உழைப்ப விடுவியா?"

"அவங்க முடிச்ச நான் தொட மாட்டேன்னு சொன்னேன் சார். அதனாலதான் என் முடிச்சு மிஞ்சிச்சு."

"அப்ப உள்ள காலின்னு எழுதிக்கோ. எல்லா மரத்துலயும் அப்பிடித்தான வந்திருக்கு."

"பாக்காதத எழுத மாட்டேன் சார்." அவள் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து பெண்களிடம் சொன்னாள். "அந்த ஒண்ணு பாக்கி. பெரிம்மா வேண்டுதல் பலிக்கட்டும். அதுவரைக்கும் நான் வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போறேன்."

"உனக்கு அதுக்குள்ள நாள் முடிஞ்சிருமேம்மா" என்றாள் ஒருத்தி.

"முடிஞ்சா என் கைக்காசுல வர்றேன். பஸ்ஸு ஓடுதில்ல?"

கெங்கம்மாள், பூவிழி கொட்டிய பூச்சருகைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"மூடி வெச்சது எல்லாமே இப்பிடித்தானா?"

"ஆமா பெரிம்மா."

"பெரிய கண்ணு வெச்சதுல காய்ச்சிருக்கு."

"ஆமா."

"அம்மாம் துளி பூச்சி நொழையிற எடம் விட்டா போதுமா?"

"போதும் பெரிம்மா."

கெங்கம்மாள் புடவையைத் தூக்கிச் செருகினாள். "ஏணியப் புடி" என்றாள்.

"பலிக்காம அவுத்தா குத்தமாச்சே" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

"நான் கட்டுனது, நான் அவுக்கறேன். வர்ற வழிய நானே அடச்சி வெச்சிக்கினு, அவன் வரல வரலன்னு சாமியக் கேட்டா சாமி இன்னா பண்ணும்?"

ஏறினாள். பூவிழி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். வெயிலிலும் மழையிலும் கிடந்து இறுகிய முடிச்சு விரலுக்கு அடங்கவில்லை, பல்லால் கடித்து இழுத்தாள். துணிக்குள் ஒரு மஞ்சள் கிழங்கும், ஆண்பிள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்றும் இருந்தன. இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். "போ, உன்னுது பாரு" என்றாள்.

பூவிழி ஏறிச் சுருக்கு நாடாவை இழுத்தாள். இலைகளை விலக்கினாள். வெறும் காம்பு. விரலால் தடவி இன்னொரு முறை பார்த்தாள், வெறும் காம்புதான். மூன்று மரமும் முழுசு. அந்தக் காய்க்காத காம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியின் உச்சியில் நின்று அவள் சிரித்த சிரிப்பை, காய்த்த மரத்தடியில்கூட யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

கீழே வந்ததும் கெங்கம்மாள் கையை நீட்டினாள். "உன் போனக் குடு. என் நம்பர்னா எடுக்கறானோ இன்னாவோ."

இருவரும் பாறைமேல் ஏறினார்கள். கெங்கம்மாள் எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். ஒருநாளும் கூப்பிடாத எண். பூவிழி அதை அழுத்தி, போனைக் கெங்கம்மாள் காதில் வைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

"எடுக்கல பெரிம்மா. அப்புறமா பாக்கலாமா?"

"இன்னொரு தபா போடு."

போட்டாள். அதுவும் நின்றது. கெங்கம்மாள் பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த உட்கார்தலைப் பூவிழிக்கு நன்றாகத் தெரியும். சுவிட்ச்போர்டு முன்னால் அவள் உட்கார்ந்ததும் இப்படித்தான்.

"போடு பாப்பா. எடுக்குற வரைக்கும் போடு."

மறுபடி போட்டாள். இந்த முறை பாதி மணியில் ஒரு ஆண்குரல், யாருங்க என்று கேட்டது. ஊரே கேட்கப் பேசும் கெங்கம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். யாருங்க, யாருங்க என்று அந்தக் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. பூவிழி அவள் தோளைத் தொட்டாள்.

"வீரா," என்றாள் கெங்கம்மாள். "சோறு துன்னியாடா?"